இரவல் சொல்

நாற்பதாவது நாளும் விடிந்துவிட்டது. தகிய்யா தூங்கவில்லை. கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைய உட்கார்ந்தவள், பிசைந்த மாவையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தாள். கைக்கு ஒரு வேலை இருந்தால் பயம் வெளியே தெரியாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

நாற்பது நாட்களுக்கு முன் அவள் மகன் ஜுப்ரான் தக்காளிக் கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சனா நகரத்துச் சாலையில் இறங்கும்போது, வளைவில் ஒருவன்மேல் மோதிவிட்டான். இறந்தவன் கீழ்ப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஹமூத். இருபத்து நாலு வயது. அடுத்த மாதம் கல்யாணம். தெரியாமல் நடந்ததுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்த மலையில் போனது உயிர் என்றால் கேட்பதும் உயிராகத்தான் இருக்கும். யாராவது நடுவில் வந்து நின்றால்தான் உண்டு.

நடுவில் வந்து நின்றவர் தகிய்யாவின் அண்ணன் முக்பில்; அவர் வீட்டில்தான் தாயும் மகனும் இருக்கிறார்கள். கல்யாணமா, வாய்க்கால் வழக்கா, இரண்டு ஊர்ச் சண்டையா, முக்பிலின் பாட்டு இல்லாமல் சுற்றுவட்டாரத்தில் எதுவும் முடியாது. அவர் குரல் பதிந்த கேசட்டுகள் டாக்சிகளில் தேய்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கும் நாலு அரையடிப் பாட்டு ஒன்றைப் பாடி அனுப்பி நாற்பது நாள் தவணை வாங்கினார். பையனுக்கு நான் ஜாமீன் என்றார். முக்பில் சொல்லிவிட்டார் என்பதற்காகத்தான் கீழ்ப் பள்ளத்தாக்கார் துப்பாக்கியைத் தோளில் மாட்டினார்கள்.

அந்தச் சொல் முக்பிலுடையது இல்லை. பதினோரு வருஷமாக அண்ணன் பாடியதெல்லாம் தங்கை கட்டியது. குரல் அவருடையது, மீசை அவருடையது, வார்த்தை மட்டும் திரிகைக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தகிய்யாவுடையது. இது அந்த இருவருக்கும் தெரியும், மேலே இருக்கிறவனுக்குத் தெரியும், இந்தத் தொடரை விடாமல் படிக்கிற உங்களுக்குத் தெரியும். முக்பிலின் மனைவி குபூலுக்குக்கூடத் தெரியாது.

தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான் தகிய்யா இரவெல்லாம் தூங்கவில்லை. ஜாமீன் நிற்கிறவன் சொந்த வாயால், சொந்தச் சொல்லால் நிற்க வேண்டும். இரவல் சொல்லில் நின்ற ஜாமீன் செல்லாது. செல்லாத ஜாமீனுக்கு அந்தப் பக்கம் ஜுப்ரான் தனியாக நிற்பான்.

இன்று லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்குப் பிறகு கீழ்ப் பள்ளத்தாக்கார் வருகிறார்கள். தவணை இன்று பொழுது சாய்ந்ததும் முடிகிறது. வருகிறவர்கள் களத்தின் விளிம்பில் நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். அதே சந்தத்தில், அதே இயைபில் இந்தப் பக்கத்திலிருந்து பதில் வர வேண்டும். அவர்கள் மூன்றாவது முறை பாடி நிறுத்தியதுமாவது வந்துவிட வேண்டும். வந்தால் உட்கார்ந்து பேசலாம். வராவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார்கள்.

கேசட்டில் என்றால் பதில் கட்ட ஒரு வாரம் கிடைக்கும். இன்று அந்த வசதி இல்லை.

முக்பில் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறடி ஆள். மீசைக்கென்று தனியாக எண்ணெய் வைத்திருப்பவர். இன்று மீசையை அவர் கவனிக்கவே இல்லை. வெந்தய நுரையில் தோய்த்த ரொட்டியைக் கால் மணி நேரமாகக் கையில் வைத்திருந்தார். அது ஊறித் தொடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது பதிலச் சொல்லுண்ணே" என்றாள் தகிய்யா.

அவர் இரண்டாவதை ஆரம்பித்து மூன்றாவதில் போய் முடித்தார்.

வரப்போகிற பாட்டுக்காரன் பெயர் ஷாயிஃப். இறந்த ஹமூதுக்குச் சித்தப்பா. ஆறு வருஷமாக அவனும் 'முக்பிலும்' கேசட்டில் மோதிக்கொண்டிருந்தார்கள். அவன் எங்கே மூச்சு வாங்குவான், எந்த எழுத்தில் முடிப்பான், எந்த இடத்தில் சொல் கிடைக்காமல் ஒப்பேற்றுவான் என்பதெல்லாம் தகிய்யாவுக்கு அத்துப்படி. அவனுக்கு மூன்றே சந்தம்தான். மூன்றுக்கும் ஒவ்வொரு பதிலாக அவள் பத்து நாளாகக் கட்டி வைத்திருந்தாள். எது வந்தாலும் அண்ணன் அதற்கு உரியதை எடுத்துப் போட்டால் போதும்.

"முதல் அரையடியும் மூணாவதும் ஒரே மாதிரி முடியும். ரெண்டாவதும் நாலாவதும் வேற மாதிரி முடியும்" என்று அவள் நூறாவது தடவையாகச் சொன்னாள். "நம்ம பதிலும் அப்படியே முடியணும். ஓர் அடிங்கறது ஒரு வீடுண்ணே. ரெண்டு பாதியும் ரெண்டு கதவு. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுட்டு இன்னொண்ண ஆட விட்டா, வந்தவன் சிரிச்சுட்டுப் போயிருவான்."

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லிரலாமா?"

பாட்டுக்காரனுக்குக் காய்ச்சல் என்றாலும் பதில் வரவில்லை என்றுதான் எழுதிக்கொள்வார்கள். அது அவருக்கும் தெரியும்.

அவரே மறுபடி கேட்டார். "இந்த மூணும் இல்லாம நாலாவதா ஒண்ணு வந்தா என்னடி பண்றது?"

வராது என்றாள் தகிய்யா. குரலில் உறுதி இருந்தது. சொல்லிவிட்டு மாவை மறுபடி பிசைய ஆரம்பித்தாள்.

குபூல் அந்த நேரம் பார்த்து, வெளுத்த அங்கியையும் இடுப்புக் கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கணவரின் பாட்டைப் பற்றி ஊரில் அவளைப் போலப் பெருமை பேச ஆள் கிடையாது. முகத்தெதிரே மட்டும் பேசமாட்டாள்.

"ஊரையே வாயால கட்டிப் போடுற மனுசன், ஒரு வாய் ரொட்டிய முழுங்க முடியாம உக்காந்திருக்காரு பாரு" என்றாள். "நேத்துகூட என் தங்கச்சி சொல்றா, உன் புருசனுக்கு நெஞ்சு ஈரலெல்லாம் பாட்டுதான் இருக்கும்னு. நான் சொன்னேன், ஈரல் எங்க இருக்கு, அது பாட்டா உருகிப் பதினோரு வருஷம் ஆச்சுன்னு."

முக்பில் சிரிக்க முயன்றார். வரவில்லை. தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை குபூல் கவனித்துவிடுவாளோ என்று தகிய்யா அவசரமாக அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜுப்ரான் இருந்தது தானிய அறையில். அதை ஒட்டித்தான் திரிகை அறை. திரிகை அறையின் சின்னச் சன்னல் நேரே களத்தைப் பார்த்திருக்கும்.

நாற்பது நாளில் பையன் பாதியாகிவிட்டான். இருபத்திரண்டு வயதில் கன்னம் ஒட்டிப் போய், தாடி ஒழுங்கில்லாமல் வளர்ந்து, சோள மூட்டைகளுக்கு நடுவே மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருந்தான். வெளிச்சத்துக்கு வந்தால் சன்னல் வழியே யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவனாகவே அந்தப் பக்கம் வருவதில்லை. பகலில் சாப்பாடு இறங்காது. கண்ணை மூடினால் வளைவு தெரிகிறது என்று ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு அதையும் சொல்வதில்லை.

தகிய்யா களியும் குழம்பும் வைத்துவிட்டு அவன் தலையைத் தடவினாள். இன்று எல்லாம் முடிந்துவிடும் என்றாள். மாமா பார்த்துக்கொள்வார் என்றாள்.

"மாமாவுக்குக் கை நடுங்குதும்மா. நான் கதவிடுக்குல பார்த்தேன்."

"குளிருக்கு நடுங்கும்டா."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவன் களியில் விரலால் குழி பறித்தான். தகிய்யா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெற்றவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், பிள்ளை பயப்படுவதைப் பார்ப்பதுதான். பார்த்துவிட்டால் பிறகு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தொழுகை முடிந்ததும் மத்தளச் சத்தம் கேட்டது.

பெண்கள் எல்லாம் மொட்டை மாடிகளில் ஏறிவிட்டார்கள். தகிய்யாவும் குபூலும் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றார்கள். கீழே களத்தின் இந்தப் பக்கம் ஊர் ஆண்கள் வரிசையாக நிற்க, நடுவில் முக்பில் நின்றார். நடுவர் ஷேக் ஓர் ஓரத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். இவர்கள் பக்கத்து ஐந்து துப்பாக்கிகள் ஈடாக அவர் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. இதற்கு மேல் அவரால் ஆவது ஒன்றுமில்லை.

வளைவைத் தாண்டி அவர்கள் வந்தார்கள். ஐம்பது பேராவது இருக்கும். தோளோடு தோள் சேர்ந்து, ஒரே காலடியில் நடந்து வந்தார்கள். முன்வரிசையில் ஹமூதின் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூவரும் நாற்பது நாளாகச் சவரம் செய்யவில்லை. தகிய்யா அவர்களை ஒருமுறை பார்த்தாள். இரண்டாவது முறை பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஷாயிஃப் யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒல்லியாக, கொஞ்சம் கூன் போட்ட மனிதன். இவன்தானா என்று இருந்தது. ஆறு வருஷமாகத் தன் சொல்லைத் தன்னைவிட நன்றாகக் கேட்டவன் இந்த மனிதன்தான் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

களத்து விளிம்பில் அவர்கள் நின்றார்கள். மத்தளம் ஓய்ந்தது. ஷாயிஃப் முதலில் தனியாகப் பாடினான். பிறகு ஐம்பது வாயும் அதையே வாங்கிப் பாடின.

மலைதாண்டி வந்தோமே, வாய்ச்சொல்லை நாடி,
மண்ணுக்குள் எம்பிள்ளை, தூங்குறான் குழியினிலே.
இரவல்சொல் வேண்டாமே, இங்கெதற்கு மூடி?
எவர்நெஞ்சின் சொல்லென்று, காட்டுங்கள் வெளியினிலே.

பக்கத்து மாடியில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "என்னடி இது, ஆம்பளைங்க மாவரைக்கிற பாட்டப் பாடிட்டு வர்றாங்க" என்றாள் குபூல்.

தகிய்யாவுக்குக் காது அடைத்துப்போயிற்று.

அது மாவரைக்கிற சந்தம்தான். ஆண்கள் பாடுவது நடைச் சந்தம். கால் மாற்றிக் கால் வைத்து வருகிறவர்களுக்கு நடுவில் நிற்க நேரம் இல்லை, அரையடி முழுதாக ஓடிப் போகும். திரிகை சுற்றுகிறவள் அப்படிப் பாட முடியாது. ஒரு கை கல்லைச் சுற்ற, இன்னொரு கை ஒரு பிடி சோளத்தை எடுத்துக் கல்லின் வாயில் போட வேண்டும். அந்த இடத்தில் பாட்டு இம்மியளவு நிற்கும். அரையடிக்கு ஒருமுறை, சரியாக நடுவில் நிற்கும்.

பதினோரு வருஷமாக அவள் கட்டிய ஒவ்வோர் அரையடியும் நடுவில் அப்படித்தான் நின்றது. கல்லுக்குப் பக்கத்தில் பிறந்த பாட்டு வேறு எப்படி இருக்கும்? அண்ணன் அதை ஆண் குரலில், நடைச் சந்தத்தில் இழுத்துப் பாடுவார். இருந்தாலும் அந்த இம்மி அங்கேயே இருந்திருக்கிறது. அதை இந்தக் கூன் மனிதன் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்ததைப் பாட்டாகவே கொண்டுவந்து களத்தில் வைத்துவிட்டான்.

மற்ற எல்லோருக்கும் அது வழக்கமான சீண்டல். கீழே நிமிர்ந்து மாடியைப் பார்த்த முக்பிலுக்கும், மாடியில் நின்ற தகிய்யாவுக்கும் மட்டும் அது வேறு.

கையில் இருக்கும் மூன்று பதிலில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தாது. அண்ணனின் முகத்தில் ரத்தம் இல்லை. கீழே அவர்கள் ஓர் அடி முன்னே வைத்து இரண்டாவது முறை பாடத் தொடங்கினார்கள்.

தகிய்யா படிகளில் ஓடினாள். எங்கே என்று குபூல் கேட்டது காதில் விழவில்லை.

திரிகை அறைக்குள் நுழைந்தபோது அவளிடம் பதில் தயாராக இருந்தது. இறங்கி வந்த முப்பது படிகளில் கட்டிவிட்டாள். அவளுக்கு அது கஷ்டமே இல்லை, அது அவளுடைய சந்தம். டி என்று முடிய ஒரு கூடை சொல் இருக்கிறது. ழியினிலே, ளியினிலே என்று முடியக் கொஞ்சம்தான் இருக்கிறது, ஆனால் போதும். கல்லின் முன் உட்கார்ந்து, கொஞ்சம் உரக்கப் பாடிக்கொண்டே அரைத்தால் முடிந்தது. வீட்டுக்குள் ஒருத்தி மாவரைத்துக்கொண்டு பாடுவதை யாரும் சட்டை செய்யமாட்டார்கள். களத்தில் நிற்கும் அண்ணனுக்குக் காதில் விழும். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் அவர் திணறி நின்றபோது இப்படித்தான் இந்த விஷயமே ஆரம்பித்தது.

கைப்பிடியைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். அப்போதுதான் சன்னல் வழியே பார்த்தாள்.

ஷாயிஃப் தன் வரிசையில் இல்லை. மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்க, அவன் மெல்ல நகர்ந்து இந்த வீட்டுச் சுவரோரம் வந்து நின்றிருந்தான். முக்பிலைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, காதைச் சன்னலுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

அவன் கேட்க வந்தது முக்பிலின் பதிலை இல்லை. இந்தக் கல்லை.

பாடினால் அண்ணன் பிழைத்துக்கொள்வார், ஆனால் ஷாயிஃப் பொழுது சாய்வதற்குள் ஷேக்கின் முன் போய், இவன் சொல் இரவல், ஜாமீன் செல்லாது என்று சொல்லிவிடுவான். பாடாவிட்டால் பதில் இல்லை. அவர்கள் திரும்பிப் போவார்கள், தவணை முடியும். எந்தக் கதவைத் திறந்தாலும் அந்தப் பக்கம் நிற்பது அவள் பிள்ளை.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. ஜுப்ரான் தானிய அறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே இரண்டாவது முறை முடிந்தது. மூன்றாவது தொடங்கியது. முக்பிலின் குரல் எங்கேயும் இல்லை.

தகிய்யா வாயை இறுக மூடிக்கொண்டாள். கல்லை மட்டும் சுற்றினாள்.

சொல் இல்லை, முணுமுணுப்பு இல்லை, வெறும் கல். சுற்று, ஒரு பிடி, சுற்று. சோளம் நொறுங்குகிற சத்தம் சந்தத்தில் சரியாக விழுந்தது. கல்லில் யாருடைய சொல்லும் இருக்காது. எந்த வீட்டிலும் கல் ஓடும். அண்ணனுக்குக் குரல் இருக்கிறது, காது இருக்கிறது, சந்தம் கையில் கிடைத்துவிட்டால் அதன் மேல் நாலு சொல் வைக்க முடியாதா? நல்லதாக இருக்க வேண்டாம். கதவு இரண்டும் சாத்தினால் போதும். ஆண்டவனே, மொட்டையாகவாவது ஏதோ ஒன்று.

மூன்றாவது முறை பாடி முடித்து ஐம்பது பேரும் நிறுத்தினார்கள். மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. அதற்குள் முக்பிலின் குரல் எழுந்தது.

என்சொல்லே இச்சொல்லும், ஊர்கேட்கக் கூடி,

ஒப்பேற்றல். கூடி அங்கே எதற்கு? இருந்தாலும் கதவு சாத்திவிட்டது. தகிய்யாவின் கை நிற்காமல் சுற்றியது.

இனியொன்றும் மறைப்பேனோ, இப்பகல் ஒளியினிலே.

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. அவளே சொல்லியிருந்தாலும் ஒளியினிலே என்றுதான் வைத்திருப்பாள். இன்னும் இரண்டு பாதி. வந்த விருந்தை வாழ்த்தி, ஷேக்கைப் புகழ்ந்து முடித்துவிடலாம்.

பிழைசெய்த பிள்ளையே, உம்வாசல் தேடி,

கல் நின்றது.

பிள்ளை வாசல் தேடி என்ன செய்வான்? வருவான். வேறு எதுவும் செய்ய முடியாது. எங்கே வருவான்? குழியினிலே, வெளியினிலே, ஒளியினிலே மூன்றும் செலவாகிவிட்டன. ஒரு முறை வந்த முடிவைத் திரும்ப வைத்தால் குறை. இதற்குப் பொருந்த மிச்சம் இருக்கிற சொல் ஒன்றே ஒன்று. அண்ணன் அதைச் சொல்வதற்கு முன்பே தகிய்யாவுக்கு அது கேட்டுவிட்டது. வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். சுவரோரம் நின்றவனின் காது ஞாபகம் வந்தது. கத்தவில்லை.

பொழுதுக்குள் வருவானே, தனியாக வழியினிலே.

ஊர் ஆண்கள் அதை வாங்கிப் பாடினார்கள். வாங்கிப் பாடப் பாட அவர்களுக்கே குரல் இறங்கிக்கொண்டு வந்தது.

செத்தவன் வீட்டு வாசலைத் தொட்டு நிற்பவனை யாரும் அடிக்கமாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஷேக்கும் நாலு பெரியவர்களும் கூட நடந்தால் வழியிலும் அடிக்கமாட்டார்கள். ஆனால் தனியாக வருகிறவனுக்கு வாசல் வரைக்கும் உள்ள வழிக்கு யாரும் பொறுப்பில்லை. அந்த வழி ஆறு கிலோமீட்டர். ஓடைப் பாறைகளுக்கு நடுவே போகிறது. களத்தில் எதிர் வரிசையில் நின்ற சவரம் செய்யாத மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர் கேட்கப் பாடிய சொல் பாடியதுதான். திரும்ப எடுக்க முடியாது.

ஷாயிஃப் சுவரை விட்டு விலகி நடுக்களத்துக்குப் போனான். அவன் முகத்தில் வெற்றி இல்லை. எதையோ தொலைத்தவன் போலிருந்தான். ஷேக்கின் முன்னால் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"நான் வேற நினைச்சுட்டு வந்தேன். தப்பு என்மேல. இது முக்பிலோட சொந்தச் சொல்லுதான். வேற யாரும் இதைக் கட்டியிருக்க மாட்டாங்க."

சொல்லும்போது ஒருமுறை சன்னல் பக்கம் பார்த்தான். தகிய்யா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

ஜாமீன் செல்லும் என்றார் ஷேக். பொழுது சாய்வதற்குள் பையன் வழியில் இறங்க வேண்டும் என்றார். வாசல் வரை வந்து சேர்ந்தால் ரத்தப்பழி தீர்ந்தது, ஒரு வருஷத்துக்குள் நஷ்டஈடு போன்ற மற்றதைப் பேசி முடித்துக்கொள்ளலாம். வந்து சேர்ந்தால் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். விருந்தாளிகளைக் காப்பி குடிக்க அழைத்துப் போனார்கள். மூன்று பேர் மட்டும் காப்பிக்கு நிற்கவில்லை. பாறைப் பக்கம் இறங்கிப் போய்விட்டார்கள்.

களம் காலியான பிறகு சன்னலில் முக்பிலின் முகம் தெரிந்தது. வெளியே நின்று கம்பிகளைப் பிடித்திருந்தார். மீசை முழுக்க வியர்வை.

"தேடின்னு வாயில வந்துருச்சுடி" என்றார். "வந்தப்புறம் வேற ஒண்ணுமே கெடைக்கல. நீ ஏண்டி பாடல? கல்லு மட்டும் ஓடுது, ஓடுது, நீ பாடவே மாட்டேங்குற. நான் அந்தப் புள்ளைய…"

கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். மாடியிலிருந்து குபூல் இறங்கி வரும் சத்தம் கேட்டது. தகிய்யா அவசரமாக விரலை உதட்டில் வைத்தாள்.

அப்போது ஜுப்ரான் பின்னால் வந்து நின்றான். நாற்பது நாளில் முதல் தடவையாகச் சன்னல் வெளிச்சத்தில் வந்து நின்றான். மாமா பேசியது அவன் காதில் எவ்வளவு விழுந்தது என்று தெரியவில்லை.

"யம்மா" என்றான். "மாமா சொன்னது பாட்டுக்காகச் சொன்னதா? இல்ல, மனசாரச் சொன்னதா?"

முக்பில் நெற்றியை எடுத்தார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து தங்கையின் வாயையே பார்த்தார்.

பாட்டுக்காகத்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பையன் மூட்டைகளுக்கு நடுவே திரும்பப் போய்விடுவான். பொழுது சாயும். ஜாமீனும் போகும், அண்ணனும் போவார், ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து இதே வாசலுக்கு அவர்கள் வருவார்கள். போனால் அந்த ஆறு கிலோமீட்டரில் ஏதோ ஒரு பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

பதினோரு வருஷமாக ஊரே கேட்கச் சொல் கட்டிக் கொடுத்தவள், மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாவுக் கை, அவன் தாடியெல்லாம் வெள்ளையானது.

"மனசாரத்தாண்டா சொன்னாரு" என்றாள் தகிய்யா. "ஒவ்வொரு சொல்லும் அவரோடது. கெளம்பு, பொழுதாகுது."